அந்தி வரை தூக்கக் கூடாது

மக்ளே,

இன்று காலை ஆறு இருபதுக்குச் செய்தி வந்தது. வந்தது உன் அம்மாவின் போனில். நான் அடுக்களையில் தோசைக்கல் காயக் காத்து நின்றுகொண்டிருந்தேன். கூப்பிட்டது ஓமனச் சேச்சி, ஆரியசாலைப் பக்கத்துச் சந்தில் தையல்கடை வைத்திருக்கிறவர். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. "மோனே, வாசல் வந்து! மெழுகு வாசல்! ஞான் கண்ணாடி போட்டு நோக்கி, நேரு தன்னெ!" என்று கத்தினார். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டேன், நிஜம்தான் என்கிறார். பெட்டிக்குள் இருந்த தேனீக்கள் தங்களுக்கு வாசல் கட்டிக்கொண்டன. அந்தக் கூடு பிழைத்துவிட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றேன். பிறகு மறுபடி பற்றவைத்து, வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சுட்டுச் சாப்பிட்டேன். அம்மா போன இந்தப் பதினோரு மாதத்தில் எனக்கு உண்மையாகப் பசித்த முதல் காலை இது.

நீ இப்போது நாகர்கோவிலில் அத்தை வீட்டில் இருக்கிறாய். வயது ஏழு, முன்பல் இரண்டு இல்லை. என்னை விட்டுத் தனியாக நீ போயிருக்கும் முதல் பத்து நாள். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோர இடத்தைப் பிடிப்பதில்தான் உன் கவனமெல்லாம் இருந்தது; எனக்குக் கை காட்டியது அதற்கப்புறம். இப்படித்தான் ஒருநாள் படிக்கவோ, வேலைக்கோ, கல்யாணம் முடிந்தோ போவாய் என்று பஸ் ஸ்டாண்டில் நின்றபோது தோன்றியது. அன்றைக்கு உன் கையில் கொடுக்கத்தான் இந்தக் கடிதம். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நீ மலையாளம் படிக்கிறாய். வீட்டில் நான் சொல்லித்தரும் தமிழ் எழுத்து இப்போதைக்கு 'ஈ' வரைக்கும் வந்து நிற்கிறது. மிச்சத்தையும் படித்தால்தான் இதை வாசிக்க முடியும். அப்பாவின் தந்திரம் என்று வைத்துக்கொள்.

உன் அம்மா கரண்ட் ஆபீசுக்காக மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை பார்த்தாள், ஒப்பந்தத்தில். தோளில் பை, கையில் பில் அடிக்கும் மெஷின், தலையில் தொப்பி. நகரத்தின் பழைய சந்துகளில் அவள் ஏறாத படி கிடையாது. 'மீட்டர் சேச்சி' என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிட்டார்கள், அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட. நம் பக்கத்தில் கொசுத்தேனீ என்று சொல்கிற பூச்சியை இங்கே செறுதேனீச்ச என்பார்கள். கறுப்பாக, கொசுவைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும். கொடுக்கு கிடையாது. மரப்பொந்தில், சுவர்ப்பொந்தில் கூடு வைக்கும்; இந்த ஊரில் அதற்கு ரொம்பவும் பிடித்த பொந்து மீட்டர் பெட்டி. வாசலில் மெழுகையும் பிசினையும் குழைத்து விரல்நுனி அளவுக்கு ஒரு குழல் கட்டும். குழலின் வாயில் நாலைந்து குட்டித் தலைகள் காவலுக்கு நிற்கும். ஜனங்கள் அதைப் பார்த்ததும் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், இல்லையென்றால் கரப்பான்பூச்சி மருந்து அடிப்பார்கள். அம்மா எந்தப் பெட்டியில் கூட்டைப் பார்த்தாலும் அதன் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவிட்டு வருவாள்: 'கொல்ல வேண்டாம், கூப்பிடுங்கள்.' கீழே அவள் போன் நம்பர். தமிழிலும் மலையாளத்திலும்.

இதற்கெல்லாம் தொடக்கம் நான் செய்த ஒரு தப்பு. நீ பிறப்பதற்கு முன்னால் கழக்கூட்டத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தோம். அங்கே மீட்டர் பெட்டியின் ஓரத்தில் இந்தக் குழல் இருந்தது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். மின்சாரப் பெட்டிக்குள் பூச்சி இருந்தால் அது கோளாறு. கோளாறு என்றால் அடைக்க வேண்டும். ஒரு சாயங்காலம் சிலிக்கோன் பசையைப் பிதுக்கி அந்த ஓட்டையை வழவழவென்று அடைத்துவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு வந்து டீ குடித்தேன். மறுநாள் காலையில் உன் அம்மா தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அந்தப் பசையைச் சுரண்டி எடுத்தாள். உள்ளே அடைபட்டவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் பக்கத்தில் போய், "ஒரு பூச்சிக்கு இவ்வளவா?" என்றேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ஒங்க கம்பெனியில பக்கு தேடுகதுக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்கான். நான் தேடினா மட்டும் கிறுக்கோ?" அப்போது சாப்ட்வேரில் பிழை தேடும் வேலைதான் எனக்கு, இப்போதும் அதுதான். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது, தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். மூன்றாம் நாள் யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டு அந்தக் கூட்டை ஒரு மரப்பெட்டிக்கு மாற்றினாள். நான் டார்ச் பிடித்தேன். அதற்குப்பிறகு எத்தனை கூடு மாற்றினாளோ, நான் எண்ணவில்லை. எண்ணியிருக்கலாம்.

அவள் போனதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்த ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். அன்று காலை பத்து ஐந்துக்கு என்னைக் கூப்பிட்டாள். நான் மீட்டிங்கில் இருந்தேன். கூப்பிட்டவரிடம் பேசவும் வேண்டாம், பேசாமல் விடவும் வேண்டாம் என்று போன்காரன் நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறானே, தயாராக எழுதி வைத்த பதில், அதைத் தட்டினேன். 'பிறகு அழைக்கிறேன்.' பதினொன்றரைக்கு அவள் போனிலிருந்து வேறு யாரோ கூப்பிட்டார்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, ஒரு வீட்டுப் படியில் விழுந்திருந்தாள். இரண்டு நாள் இருந்தாள், கண் திறக்கவில்லை. தேனீ கொட்டியதா என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை. கொடுக்கே இல்லாத பூச்சி அது என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினேன். நான் அழவில்லை. பிற்பாடு உனக்கு யாராவது சொல்லுவார்கள், உண்மைதான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் அது என் கன்னம் என்று கைக்குத்தான் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. உடனே வீட்டைக் காலி செய்து நாகர்கோவிலுக்கு வந்துவிடு என்றார்கள். போகவில்லை. யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். அசையத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அம்மாவின் போனை மட்டும் அணையவிடாமல் சார்ஜ் போட்டு வந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது அடித்தது. "மீட்டர் சேச்சியாணோ? எங்க பெட்டியில ஈச்ச கூடு வச்சிருக்கு." அல்ல என்றேன். அடுத்த வாக்கியம் வரவில்லை. "அவ வெளியில போயிருக்கா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த அழைப்புக்கும் அதையே சொன்னேன், அதற்கடுத்ததற்கும். அவள் வெளியில் போயிருக்கும்போது கூட்டை யார் மாற்றுவது? மருந்து அடித்துவிடுவோம் என்றார்கள். வேறு வழியில்லாமல் நானே போனேன். டார்ச் பிடித்தபோது பார்த்தது கொஞ்சம் கை கொடுத்தது. பெட்டியை அங்கேயே அதே ஆணியில் மாட்டிவிட்டு வருவேன், அதனால் பெரிய தவறு எதுவும் நடக்கவில்லை. ஓமனச் சேச்சி கூப்பிடும் வரைக்கும்.

அவர் வீட்டுச் சுவரில் மீட்டரை மாற்றத் திங்கட்கிழமை ஆள் வருவதாக இருந்தது. பழைய பெட்டியைப் பெயர்த்து எடுப்பார்கள். அந்தக் கூட்டை அம்மா முன்பே பார்த்து, நம்பர் எழுதி, மீட்டர் மாற்றும்போது நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்திருந்தாள். அவள் வாக்குக் கொடுத்து, செய்யாமல் விட்டது என்று எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். அதனால் அதை நம் பால்கனிக்கே கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னை எதிர் ஃபிளாட்டில் விட்டுவிட்டுப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். சேச்சி விளக்குமாறோடு முற்றத்தில் நின்றார். "மீட்டர் சேச்சி வந்தில்லே?" என்றார். "வெளியில போயிருக்கா" என்றேன். "அவ ஏதாவது சொல்லியிருந்தாளா, சேச்சி?" என்று கேட்டேன். "பின்னே! மூணு தவண பறஞ்ஞிட்டுண்டு. பெட்டி மாத்துன்ன திவசம், சந்தியா வரெ தூக்கருது. கண்டிப்பா தூக்கருது" என்று சொல்லி, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

இந்த ஊர் மலையாளத்தில் தூக்குவது என்றால் பெருக்குவது. முற்றம் தூக்குவது, அறை தூக்குவது. பதினான்கு வருஷமாக இங்கே இருக்கிறேன், அது எனக்கு அப்படியே கேட்டது. அந்தி வரை பெருக்கக் கூடாதாம். கீழே விழுந்த பூச்சிகள் விளக்குமாற்றில் சாகும் என்று சொல்லியிருப்பாள், எவ்வளவு கவனமானவள் என்று நினைத்துத் தலையாட்டினேன். மெயினை அணைத்தேன். முட்டைக் கொத்தை, குட்டித் திராட்சைக்குலை மாதிரி இருக்கும் அதை, கவிழாமல் எடுத்தேன். அதைக் கவிழ்த்தால் ஒவ்வொரு அறைக்குள்ளும் உணவின் மேல் மிதக்கிற முட்டை மூழ்கிச் செத்துவிடும். தேன்குடங்கள் இரண்டு மூன்று உடைந்தன. ராணி கண்ணில் படவில்லை. உள்ளே இருந்தவற்றைப் புதுப்பெட்டியில் சேர்த்து, மூடி, வாசலுக்கு வலை ஒட்டி, காருக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மணி பன்னிரண்டரை.

நாலு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. நான் பால்கனியில் கயிறு கட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். "மோனே, இவிட ஈச்ச எல்லாம் சுவத்துல வந்து நிக்குது. வீட்டைக் காணாம நிக்குதுடா, பாவங்கள்." பூ தேடி வெளியே போனவை திரும்பி வந்திருக்கின்றன, வந்த இடத்தில் வீடு இல்லை. அதை நான் யோசிக்கவே இல்லை. சேச்சி தன் பங்கில் குறை இல்லை என்று காட்ட, "மீட்டர் சேச்சி பறஞ்ஞது போல ஞான் சந்தியா வரெ தூக்கருதுன்னு வச்சு, இதுவரெ ஒரு இலைகூட தூத்தில்ல" என்றார். நீ தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாய். கிரேயானை எடுக்காமலே கேட்டாய்: "அம்மா தூக்கக்கூடாதுன்னுதானே சொல்லியிருக்கா. பின்ன ஏம்ப்பா தூக்கிட்டு வந்தே?"

மக்ளே, அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத்தில் சரியாக வராது. உன் அம்மா மலையாளம் பேசினாலும் உள்ளே ஓடுவது தமிழ்தான். அவள் தூக்கருது என்று சொன்னது, பெட்டியை. வெளியே போனவர்கள் எல்லாரும் வீடு திரும்பி, இருட்டி, ஒன்றுகூட மிச்சமில்லாமல் உள்ளே அடைந்த பிறகுதான் பெட்டியைத் தூக்க வேண்டும். அவளுடைய சொல் ஒரு எழுத்துக்கூட மாறாமல் என் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சேச்சி மலையாளத்தில் கேட்டார், சரி. அவளோடு எட்டு வருஷம் குடும்பம் நடத்திய நானும் மலையாளத்தில்தான் கேட்டேன். உனக்கு மட்டும் அது அம்மாவின் வாயால் கேட்டது.

உடனே கிளம்பினோம். பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீ. கழக்கூட்டத்திலிருந்து நகரத்துக்குள் போகும் சாலையில் ஞாயிறு சாயங்காலம் என்ன நெரிசல் இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் நான், "சரிச்சிராத மக்ளே, சரிச்சிராத" என்றேன். ஏழெட்டுத் தடவைக்கு அப்புறம் நீ சொன்னாய்: "அப்பா, நீ ரோட்டைப் பாரு. பெட்டியை நான் பாக்கேன்." அப்படியே அம்மாவின் குரல், அதே எரிச்சல்.

போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. சுவரில் ஒரு கைப்பிடி எள்ளை அப்பிவைத்ததுபோலத் தேனீக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பழைய இடத்திலேயே பெட்டியை மாட்டி வலையை எடுத்தேன். கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு ஒன்று உள்ளே போனது. நீ எண்ண ஆரம்பித்தாய். முற்றம் முழுக்க மாவிலை. விளக்கு வைப்பதற்கு முன்னால் முற்றம் பெருக்குவதுதான் முறை, மீட்டர் சேச்சி சொன்னாள் என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றார் சேச்சி. நான் அந்தச் சொல்லை விளக்கினேன். ஒரு வினாடி விழித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வர. "அய்யோ! அப்போ இத்தற நேரம் ஞான் வெறுதே! வரட்டே அவள். வரட்டே. ஞான் வச்சிட்டுண்டு அவளுக்கு!" இவ்வளவு நேரம் வீணாகக் காத்து நின்றேனே, வரட்டும், அவளுக்கு இருக்கிறது என்கிறார்.

அதற்குமேல் வெளியில் போயிருக்கிறாள் என்று சொல்ல முடியவில்லை. "சேச்சி, அவள் மரிச்சு போயி" என்றேன். அத்தனை மாதத்தில் அந்த வாக்கியத்தை முழுதாகச் சொன்னது அப்போதுதான். மலையாளத்தில்தான் சொல்ல முடிந்தது. தமிழில் இன்னும் சொன்னதில்லை, இங்கேகூட 'போன' என்றுதான் எழுதியிருக்கிறேன், பார். சேச்சி தையல் மெஷின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். நீ மட்டும், "நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு" என்று எண்ணிக்கொண்டிருந்தாய். என் கன்னத்தில் உணர்வு வர ஆரம்பித்தது. வலித்தது. நன்றாகவும் இருந்தது. அன்றைக்கு அந்த முற்றத்தைச் சேச்சி பெருக்கவே இல்லை.

மறுநாள் ஆட்கள் வந்து பழைய பெட்டியை எடுத்துவிட்டு, மீட்டரைச் சுவரின் அந்தப் பக்கத்தில் வைத்தார்கள். நம் பெட்டி அதே ஆணியில்; அதை மறுபடி அசைக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அது ஊமையாக இருந்தது. நடுப்பகல் வெயிலில் காரில் கொண்டுபோனதில் தேன் ஒழுகிப் பாதி செத்திருந்தன. எறும்பு வேறு வந்தது. ராணி உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியாது. சேச்சி ஆணியைச் சுற்றி வேப்பெண்ணெய்த் துணி கட்டி எறும்பைத் தடுத்தார். தினமும் அம்மாவின் நம்பருக்குக் கூப்பிட்டுத் தகவல் சொன்னார். "ஒண்ணும் ஆயில்ல." "இன்னும் இல்ல." ஒருநாள் கோபமாக, "நீ என்ஜினீயர் அல்லே? எதாவது நன்னாக்கு!" என்றார். நன்னாக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. வாசலில் குழல் கட்டினால் கூடு பிழைத்தது என்று அர்த்தம். கட்டாவிட்டால், நான் பகலில் தூக்கியதால் அம்மாவின் கடைசி வாக்கு செத்தது என்று அர்த்தம். பிழைகளை வரிசைப்படுத்துவது என் தொழில். இந்தப் பிழையை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் மூன்று வாரம் இருந்தேன்.

அதற்கு நடுவில் ஒரு சாயங்காலம், ராணி போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டாய். முட்டைக் கொத்தில் கொஞ்சம் பெரிய அறை ஒன்று இருந்தால் அதிலிருந்து புது ராணி வரும் என்றேன். "அவங்களே உண்டாக்கிக்குமோ?" ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம உண்டாக்கண்டாம், கேட்டோ" என்றாய். என் மறுகல்யாணத்தைப் பற்றி அத்தை போனில் பேசியது ஏதோ உன் காதில் விழுந்திருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

நீ போகிற ஊரில் மீட்டர் பெட்டி எந்த மாதிரி இருக்குமோ தெரியாது. சுவரில் மெழுகுக் குழல் தெரிந்தால் பூசிவிடாதே, மருந்து அடிக்காதே. தொட்டியில் துளசி வைத்தால் கதிரைக் கிள்ளாமல் பூக்க விடு. அவற்றுக்கு அது போதும். இடம் மாற்றியே தீர வேண்டும் என்றால் அந்தி வரை பொறு. இதைத் தேனீக்கு மட்டும் சொல்லவில்லை என்று உனக்கே தெரியும், அதனால் விரித்து எழுதவில்லை. ஒன்று மட்டும்: உனக்குப் பிரியமானவர்கள் எதையாவது சொன்னால், உன் காதுக்குப் பழகிய அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே. அவர்கள் எந்த வாயால் சொன்னார்கள் என்று யோசி. கேட்க முடிகிற காலத்தில் கேட்டுவிடு. பத்து ஐந்துக்கு அவள் என்ன சொல்லக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு பெட்டியில் கூட்டைப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைக்க நன்றாக இருக்கிறது.

நாளை நீ வருகிறாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகச் சேச்சி வீட்டுக்குப் போகிறோம். வாசலில் எத்தனை காவல் தலைகள் என்று நீதான் எண்ண வேண்டும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் போன் இரண்டு தடவை அடித்தது. ஒருவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் கூடாம். மீட்டர் சேச்சியாணோ என்றார். அவளுடைய வீட்டுக்காரன் பேசுகிறேன், அந்திக்கு வருகிறேன், அதுவரை மருந்து அடிக்காதீர்கள் என்றேன். என் போனில் காலையிலிருந்து ஆபீஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தயாராக எழுதி வைத்த பதில் ஒன்று அதில் இன்னும் இருக்கிறது, அதைத் தட்டவில்லை. அம்மாவின் போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தைக் கூட்டி, மேஜையில் வைத்திருக்கிறேன். என்னுடையதை அணைத்துவிட்டேன்.